வெள்ளிக்கிழமைச் சோதனை

வால்தம்ஸ்டோ
14.01.2024

என் தம்பி ரதீசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன்.

நீ வீட்டைவிட்டுப் போய் ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. உன் போன் அடிக்கவே இல்லை. டூட்டிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் உன் சிநேகிதன் எட்வேட்டிடம் போய்த்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். "அவனைக் கேக்காமல் தரேலாது அக்கா" என்று நின்றான். சனம் கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்க, நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். பிறகு தந்தான். குரோய்டனில் வீடில்லாதவர்களுக்கென்று கவுன்சில் தந்த அறையில் இருக்கிறாயாம். குளியலறை ஆறு பேருக்குப் பொதுவாம். அடிபட்ட முதுகோடு அந்தக் குளிரில் எப்படிப் படுக்கிறாய்? தடித்த ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டாய். எட்வேட்டிடம் கொடுத்திருக்கிறேன்.

நான் கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா தம்பி? பார்மசியில் விற்கிற, சிறுநீர் சோதிக்கிற ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கோப்பை. ஐந்து நிமிஷ வேலை. பஸ் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து நான் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஷிப்ட்டின் நடுவில் கூப்பிடுவார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி கையுறையோடு கதவுக்கு வெளியே நிற்பாள். கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பவும் பஸ்ஸில் ஏறுவேன். எனக்கு மானம் போகவில்லையே.

முதுகு நோவுக்கென்று தொடங்கி விடமுடியாமல் போன அந்தக் குளிசைகளை நீ விட்டுவிட்டாய் என்று நம்பித்தான் உன்னை வைத்திருந்தேன். நம்புவதை ஒருமுறை கண்ணாலும் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். "தராட்டி இந்த வீட்டிலை இருக்கேலாது" என்று கோபத்தில் சொன்னதை நீ அப்படியே தூக்கிக்கொண்டு போவாய் என்று நான் நினைக்கவில்லை.

மகள் தக்ஷிகா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை. மாமாவின் அறையைப் பூட்டி, திறப்பைத் தன்னிடம் வைத்திருக்கிறாள். அத்தானும் உன்னைக் கேட்டார்.

ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா
சிவனேஸ்வரி


குரோய்டன்
22.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜாக்கெட் கிடைத்தது. பொக்கற்றுக்குள் நீங்கள் வைத்த பருத்தித்துறை வடையும் கிடைத்தது. பக்கத்து அறை ஆளுக்கும் கொடுத்தேன். "உன்ரை அக்கா செய்ததோ?" என்பது போல இங்கிலிசில் கேட்டார். ஓம் என்று சொல்லி இன்னொன்றும் கொடுத்தேன்.

போன் உடைந்துவிட்டது. உடையாவிட்டாலும் கடிதந்தான் எழுதியிருப்பேன். போனில் என்றால் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன். இரண்டு பேரும் சொல்ல வந்ததைச் சொல்லமாட்டோம்.

அந்தக் கிழமை முழுக்க நீங்கள் ஒரு மாதிரித்தான் இருந்தீர்கள். தமிழ் ரேடியோவில் அந்த நிகழ்ச்சி போனதிலிருந்து. வேலை செய்கிறவர்களைப் போல பெனிபிட் என்று அரசாங்க உதவிக்காசு எடுக்கும் என் மாதிரி ஆட்களையும் போதைமருந்துக்குச் சோதிக்கவேண்டுமா என்று நேயர்களைக் கேட்டார்கள். நீங்கள் போன் எடுத்துப் பேசினீர்கள். "நான் பஸ் ஓடுறன். என்ரை சம்பளத்துக்கு நான் சலம் குடுக்கிறன். என்ரை வரிக்காசிலை இருக்கிற ஆக்கள் குடுத்தால் என்ன?" அறிவிப்பாளர் நல்ல கேள்வி என்று பாராட்டினார். நீங்கள் ஹோலில் நின்று பேசினீர்கள். அடுத்த பக்கம், குசினிக்குள், நான் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். அதுகூடப் பரவாயில்லை. "கதவைப் பூட்டாதை, சத்தம் கேக்கவேணும்" என்றீர்கள். தக்ஷிகா குளிக்கத் துவாயோடு படியில் நின்றாள். பதினேழு வயதுப் பிள்ளை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் ஏலாமல் போய்விட்டது.

அக்கா, உங்களை ஏன் சோதிக்கிறார்கள்? உங்கள் பஸ்ஸில் எண்பது பேர் ஏறுகிறார்கள். நீங்கள் மயங்கினால் ஆட்கள் சாவார்கள். நான் மயங்கினால் என் கட்டிலில் விழுவேன். வரிக்காசு என்பதுதான் கணக்கென்றால், தக்ஷிகாவுக்கு அரசாங்கம் தரும் பிள்ளைக்காசை வாங்கும் அத்தானிடமும் கோப்பையை நீட்டலாமே?

இன்னொன்று. நீங்கள் வேலை செய்யும் டிப்போவில் எத்தனையோ பெயர்களுக்குள் குலுக்கலில் ஒருநாள் உங்கள் பெயர் விழுகிறது. அது சந்தேகம் இல்லை, முறை. நம் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெயர்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் இதே குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தில், என் பத்து விரலையும் மையில்லாத கண்ணாடியில் அழுத்திப் பதிவு எடுத்தார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, கேட்டார்கள். எனக்கு வலிக்கவில்லை. நீங்கள் வெளியே தண்ணீர்ப் போத்தலோடு காத்துக்கொண்டு நின்றீர்கள். நான் யாரென்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

கோபத்தில் எழுதவில்லை. அப்படித் தெரிந்தால் மன்னியுங்கள்.

தம்பி
ரதீசன்


வால்தம்ஸ்டோ
04.02.2024

தம்பி,

உன் கடிதத்தை அத்தானுக்குக் காட்டவில்லை. பிள்ளைக்காசு வரியைப் பார்த்தால் மனுசன் பிரஷர் குளிசை போட்டுக்கொண்டு படுத்துவிடும்.

நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். சின்னனிலிருந்தே உனக்கு வாதாடத் தெரியும். ஆனால் ஒன்றை நீ எழுதவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் உன்னை மூக்கில் குழாயோடு பார்த்தது யார்? றோட்டில் வாங்கிய குளிசையில் என்ன கலந்திருந்தது என்று டொக்டருக்கே தெரியவில்லை. மூச்சு நின்றுவிட்டது என்று அம்புலன்ஸ்காரன் சொன்னான். உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஐஸ் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நீ குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் பிந்தினாலும் நான் வந்து கதவடியில் நிற்பேன். சத்தம் கேட்கவேண்டும் என்று சொன்னது அதனால்தான். நீ அதை மானக்கேடாக எடுத்துக்கொண்டாய்.

ரேடியோவில் சொன்னதில் எனக்கு வெட்கம் இல்லை. விடிய மூன்றரைக்கு எழும்பி, பனியில் நடந்துபோய் பஸ் எடுக்கிறவளுக்கு ஒரு நியாயம், வீட்டில் இருக்கிறவருக்கு வேறு நியாயமா? கோயிலில் கண்டவர்கள் எல்லாம் சரியாகச் சொன்னீர்கள் அக்கா என்றார்கள். ஆனால் உன்னை நினைத்துச் சொல்லவில்லை. உன்னைப் போன்றவர்களை நினைத்துச் சொன்னேன். எழுதிய பிறகுதான் பார்க்கிறேன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியவில்லை. பரவாயில்லை, அழிக்காமல் விடுகிறேன்.

திரும்பி வா. தக்ஷிகாவிடம் திறப்பை வாங்கி அறையைக் கூட்டித் துடைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தக் கோப்பை. தக்ஷிகா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்து. கதவைப் பூட்டிக்கொள். இதைவிட என்னால் இறங்கி வர ஏலாது.

அக்கா


வால்தம்ஸ்டோ
19.03.2024

ரதீசன்,

நீ பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய். இருந்தாலும் இதை உனக்குத்தான் எழுதுகிறேன். வேறு யாருக்குச் சொல்ல?

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை டிப்போவில் வழக்கம் போலக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். நானும் சிரித்துப் பகிடி விட்டுக்கொண்டு கொடுத்தேன். நேற்று, திங்கட்கிழமை, மனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். முதல் சோதனையில் அபின் வகை மருந்து காட்டுகிறதாம். முடிவு தெரியும் மட்டும் பஸ் எடுக்கக்கூடாதாம். "நானோ? என்னிலையோ?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவருக்கு என்ன விளங்கும்? என் பாஸை மேசையில் வைக்கச் சொன்னார். வெளியே வரும்போது கன்ரீனில் இருந்த ஒருத்தரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூட வேலை செய்யும் ஆட்கள், என் கையால் றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

வீட்டில் பஸ் பழுது, லீவு தந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அத்தான் நம்பினார். தக்ஷிகா நம்பவில்லை. அறைக்குள் வந்து நின்று, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "மாமாவும் ஓம் எண்டுதான் சொன்னவர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி, நான் ஒன்றும் எடுக்கவில்லை. நீயாவது நம்பு.

அக்கா


குரோய்டன்
22.03.2024

அக்கா,

நம்புகிறேன். இதைத்தான் முதலில் வாசிக்கவேண்டும் நீங்கள்.

அழாமல் யோசியுங்கள். பல்லுக்கோ தலையிடிக்கோ குளிசை போட்டீர்களா? பார்மசியில் சும்மா வாங்கக்கூடிய சில நோவுக் குளிசைகளில் கோடீன் என்ற அபின் வகை மருந்து இருக்கும். அது இந்தச் சோதனையில் விழும். பெட்டியை எறியவேண்டாம், அதில் எழுதியிருக்கும். உங்கள் சலத்தை இரண்டு போத்தலில் பிரித்து, ஒன்றை முத்திரை வைத்து எடுத்து வைத்திருப்பார்கள். அதை லாபில் சரியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. யூனியனில் ஆள் இருந்தால் தனியே போகாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். அத்தானிடம் சொல்லுங்கள். ஒளிக்க ஒளிக்கப் பயம்தான் கூடும், அது எனக்குத் தெரியும்.

உங்கள் பெப்ரவரிக் கடிதத்துக்குக் கோபத்தில் பதில் போடாமல் விடவில்லை. போட ஏலாத நிலையில் இருந்தேன். இதை இந்த நேரத்தில் எழுதுவது சரியில்லைத்தான். ஆனால் உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது.

இந்தக் கட்டிடத்தில் எல்லா மாடியிலும் குளிசை விற்கிறார்கள். வந்த முதல் மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பிறகு ஒருநாள் முதுகு விறைத்து, எழும்ப ஏலாமல் தரையில் கிடந்தேன். பக்கத்து அறை ஆள் கொண்டுவந்து தந்தார். நல்ல மனிதர், பாவம் என்றுதான் தந்தார். வாங்கினேன்.

நீங்கள் கோப்பையை நீட்டிய அன்று நான் ஏழு மாதமாக ஒன்றும் தொட்டிருக்கவில்லை. அன்றைக்குத் தந்திருந்தால் ஒன்றும் காட்டியிருக்காது. இன்றைக்குத் தந்தால் காட்டும்.

உங்களால்தான் என்று நான் சொல்லவில்லை. வாங்கியது என் கை.

குளிசைப் பெட்டியைத் தேடுங்கள்.

தம்பி


வால்தம்ஸ்டோ
21.04.2024

என் தம்பிக்கு,

நீ சொன்னதுதான். கடைவாய்ப் பல்லுக்கு வாங்கிய குளிசை. இரண்டாவது போத்தலை லாபில் பார்த்து, அந்தக் குளிசை மட்டுந்தான், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி மருந்து எடுத்தால் முன்கூட்டியே சொல்லவேண்டுமாம். பாஸைத் திருப்பித் தந்தார்கள். மனேஜர் எழும்பி நின்று கை தந்து, மனவருத்தப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

யூனியனில் டொலறஸ் என்று ஒரு மன்னார்ப் பிள்ளை இருக்கிறா. ஒவ்வொரு கூட்டத்துக்கும் என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. எனக்கு இங்கிலிஷ் தடுமாறினால் மேசைக்குக் கீழே கையைப் பிடிப்பா. ஒருமுறை மனேஜர் ஏதோ கேட்க, "அதுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை அக்கா" என்றா. அவ அப்படிச் சொன்னதும் நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று அவ நினைத்தா.

உன்னை நினைத்துத்தான் அழுதேன். எனக்கு இரண்டாவது போத்தல் இருந்தது. பக்கத்தில் ஒருத்தி இருந்தா. சம்பளம் ஒருநாளும் நிற்கவில்லை. முடிவு வரும் மட்டும் நான் குற்றவாளி இல்லை என்று மனேஜரே சொன்னார். உனக்கு நான் என்ன வைத்திருந்தேன்? நீ மாட்டேன் என்று சொன்னதையே முடிவாக எடுத்துக்கொண்டேன். விசாரித்தவளும் நான், தீர்ப்புச் சொன்னவளும் நான், வீட்டுக்காரியும் நான்.

நீ தரையில் கிடந்த நேரம் நான் உன் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்துக்கொண்டிருந்தேன். 

வா தம்பி. ஒன்றும் கேட்கமாட்டேன். எடுத்துக்கொண்டிருந்தாலும் வா. கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன். அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் எழும்பி உன் அறைக்குப் போய் ஹீட்டரைப் பழுதுபார்த்துவிட்டு வந்தார். நீ எந்த நாள் என்று மட்டும் எழுது, நான் காரோடு வருகிறேன்.

உன் அக்கா


குரோய்டன்
08.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் திரும்ப பஸ் எடுக்கிறீர்கள் என்று வாசித்தபோது இந்த அறையில் தனியாக நின்று கைதட்டினேன். உண்மையாக.

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்துவிட்டேன். வர ஆசைதான். கட்டிலையும் தக்ஷிகாவையும் நினைத்து, பையைக்கூட ஒருநாள் அடுக்கினேன். பிறகு அங்கே வந்து இருக்கிறதை யோசித்துப் பார்த்தேன்.

நீங்கள் கேட்கமாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் குளியலறைக்குள் நான் கொஞ்சம் கூடுதலாக நின்றால் ஹோலில் டிவிச் சத்தம் குறையும். காலையில் எழும்பப் பிந்தினால் அத்தான் உங்களைப் பார்ப்பார். நீங்கள் என் கண்ணைப் பார்ப்பீர்கள், அக்கா. பார்த்துவிட்டு, பார்க்காதது போலச் சாப்பாடு போடுவீர்கள். எனக்கும் நீங்கள் அன்பாகப் பார்க்கிறீர்களா, வேறு எதற்காகவோ பார்க்கிறீர்களா என்று பிரிக்கத் தெரியாது. முந்தி தெரிந்தது. அது போய்விட்டது. யாரில் பிழை என்று சொல்ல வரவில்லை. போய்விட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

நானே இங்கே ஒரு கிளினிக்குக்குப் போனேன். அவர்கள் வடக்கே, லீட்ஸுக்கு அங்காலே, குளிசைப் பழக்கத்தை விடவைக்கிற ஒரு இடம் எடுத்துத் தந்திருக்கிறார்கள். ஆறு மாதம் தங்கவேண்டும். அங்கேயும் கிழமைக்குக் கிழமை சோதிப்பார்களாம். சம்மதம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அங்கே எல்லாரும் கொடுக்கவேண்டும். சோதனையில் பிழை வந்தாலும் வெளியே தள்ளமாட்டார்களாம். என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து கேட்பார்களாம்.

பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை காலை, டிராம் நிற்கிற இடத்துக்கு முன்னால் வாகனம் வரும். வழியனுப்ப வராதீர்கள். வந்தால் நான் உங்களோடு காரில் ஏறிவிடுவேன். அப்படி ஏறினால் நான் பிழைக்கமாட்டேன். விலாசமும் தரவில்லை. கடிதம் வந்தால் அதற்கே காத்திருப்பேன், வேறு ஒன்றிலும் மனம் நிற்காது.

மூச்சு நின்ற அன்று என் கையைப் பிடித்திருந்தது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். விடாமல் பிடித்தீர்கள். இப்போது விடச் சொல்கிறேன்.

தக்ஷிகாவிடம் அறையை அவளே எடுக்கச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும்.

உங்கள் தம்பி
ரதீசன்


வால்தம்ஸ்டோ
19.05.2024

தம்பி,

இதை எட்வேட்டிடம் கொடுத்து வைக்கிறேன். நீ எப்போதாவது கேட்டால் தருவான். கேட்காவிட்டால் அவனிடமே இருக்கட்டும்.

நேற்று வந்தேன். மன்னித்துக்கொள். அத்தானிடம் ஷிப்ட் என்று சொல்லிவிட்டு ரயிலில் வந்தேன். காரை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். றோட்டுக்கு அந்தப் பக்கம், கோப்பிக்கடை நிழலில் நின்றேன்.

நீ நன்றாக மெலிந்துவிட்டாய். தாடி வைத்திருக்கிறாய், அப்பாவைப் போல இருக்கிறது. முதுகை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் நிற்கிறாய். வாகனத்தில் வந்த பெண் உன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சப்பாத்துக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள். பொக்கற்றைக் காட்டச் சொன்னாள் போல, நீ இரண்டையும் வெளியே இழுத்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு நின்றாய். ஏதோ சொன்னாய். அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

நீ சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் தம்பி.

உன் பெயர் என் வாய்வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், அவ்வளவு கிட்டத்தான் நின்றேன். ஆனால் திரும்பி என்னைக் கண்டதும், உன்னைப் பார்க்க வந்தேன் என்று நீ நினைத்திருக்கமாட்டாய். சோதிக்க வந்தேன் என்றுதான் முதலில் தோன்றியிருக்கும். பிறகு இல்லை என்று உன்னை நீயே சமாதானப்படுத்தியிருப்பாய். அந்த ஒரு கணத்தை உன் முகத்தில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீ ஏறினாய். கதவைச் சாத்தினார்கள்.

அக்கா